வாரில் இருந்த பிழை: கையால் தைத்த துப்பாக்கி உறைத் தொகுதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நாடகக் குழு ஒன்றுக்காக நான் கையால் தைத்துக் கொடுத்த துப்பாக்கி உறையும் தோட்டா வாரும் மூன்று வார ஒத்திகைக்குப் பிறகு என் வேலை மேசைக்கே திரும்பி வந்தன. கூடவே வந்த சீட்டில் இரண்டே வரிகள் இருந்தன: உறையின் வாய் தளர்ந்துவிட்டது, குனிந்தால் துப்பாக்கி நழுவி விழுகிறது. குறையை உறையின்மேல் சுமத்தியிருந்தார்கள் என்பதால் நானும் உறையைத்தான் முதலில் ஆராய்ந்தேன். தையலில் ஒரு கண்கூட விட்டிருக்கவில்லை, அடிப்பகுதி அச்சு மாறாமல் இருந்தது, வாய் மட்டும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகன்றிருந்தது. அரை நாள் உறையோடு மல்லுக்கட்டிவிட்டு, சலிப்பில் வாரை எடுத்து மேசைமீது நீட்டி வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. வார் மேசையில் ஒட்டிப் படுக்கவில்லை. உறை தொங்கிய ஒரு சாண் இடத்தில் மட்டும் அதன் மேல் விளிம்பு உதடு பிதுங்கியதுபோல் வெளிப்புறமாக மடிந்து, அலையலையாக எழுந்து நின்றது. அளந்து பார்த்தால், கொடுக்கும்போது 104 சென்டிமீட்டராக இருந்த வார் இப்போது 107.5 சென்டிமீட்டர்.

பழுது உறையில் தெரிந்தாலும் அது பிறந்த இடம் வார் என்பதே இந்த ஆய்வின் முடிபு. துப்பாக்கியின் எடை இடுப்பெலும்புக்கு நேர்மேலே இறங்குவதில்லை. உடலுக்கு வெளியே, வாரின் மேல் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. வார் மெலிந்ததாகவும் இளகியதாகவும் இருந்தால் அந்த எடை மேல் விளிம்பை வெளியே இழுத்துச் சாய்க்கும். விளிம்பு சாய்ந்தால் உறையின் வாயும் உடலைவிட்டு விலகிச் சாயும். அப்படிச் சாய்ந்த உறையிலிருந்து துப்பாக்கியை நேர்மேலாக உருவ முடியாது என்பதால், நடிகர் தம்மை அறியாமலேயே ஒவ்வொரு முறையும் அதைச் சற்றுக் கோணலாக இழுத்திருக்கிறார். குழலும் தோட்டா அறைகள் கொண்ட உருளையும் நெம்புகோலாகி வாயின் வெளிச்சுவரை நெம்பியிருக்கின்றன. ஒத்திகையில் ஒரு நாளைக்கு நூறு முறைக்குமேல் உருவுகிறவர் அவர். வியர்வையில் ஈரம் ஊறிய தோலை இப்படி நெம்பினால் அது எத்தனை நாள் தாங்கும்?

கேட்டதும் கொடுத்ததும்

நாடகம் 1880களின் அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கிறது. துப்பாக்கி சுடும் திறனற்ற உலோக மாதிரி. 1873இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி என்னும் ஆறு அறை ரிவால்வரின் வடிவில், ஐந்தரை அங்குலக் குழலோடு வார்க்கப்பட்டது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வாரில் 24 தோட்டாக் கண்ணிகள் வேண்டும், அவற்றில் மருந்தற்ற பித்தளைத் தோட்டாக்கள் செருகப்படும் என்பது அவர்கள் கேட்டது. தோட்டா ஒன்றுக்கு 23 கிராம் என்று வைத்தாலும் இருபத்துநான்குக்கு அரைக் கிலோவைத் தாண்டுகிறது. தோலின் எடையையும் கூட்டினால் நடிகரின் இடுப்பில் இரண்டரைக் கிலோ தொங்கும். இந்தக் கணக்கை நான் முதல் நாளே போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

இயக்குநர் முதலில் கேட்டது, வாரில் கீறிய துளையிலிருந்து தொடைவரை தாழ்ந்து தொங்கி, அடியில் காலோடு கயிற்றால் கட்டப்படும் உறையை. பஸ்கடேரோ எனப்படும் அந்த வடிவம் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. திரைப்படங்களும் பின்னர் வந்த தொலைக்காட்சித் தொடர்களும்தான் அதைப் பழைய மேற்கின் அடையாளமாக மக்கள் மனத்தில் பதித்தன. 1950களில் ஆர்வோ ஓஜாலா என்பவர் அவ்வகை உறைக்குள் உலோகத் தகடு பொதித்துத் தைத்தார். தோல் உருளையை இறுக்கிப் பிடிக்காமல் இருந்ததால், உறைக்குள் இருக்கும்போதே துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலைப் பின்னிழுத்து உருளையைச் சுழற்ற முடிந்தது. படப்பிடிப்புக்கு அது பெரிய வசதி. 1880களின் மாட்டுப் பண்ணைத் தொழிலாளியின் இடுப்பில் அப்படியொன்றைக் காட்டுவது காலப் பிழை.

அந்தக் காலத்துக்கு உரியது மெக்சிகன் லூப் என்று அழைக்கப்படும் வடிவம். அதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கலிபோர்னியாவில் நடந்த தங்க வேட்டைக் காலத்திலிருந்து, குழலையும் உருளையையும் ஒட்டி மெலிந்து செல்லும் கலிபோர்னியா வடிவ உறை புழக்கத்தில் இருந்தது. பித்தளைத் தோட்டாக்களும் அகன்ற தோட்டா வார்களும் பரவிய 1870களில் மெக்சிகன் லூப் முன்னுக்கு வந்தது. அதன் அமைப்பு எளிமையும் சாமர்த்தியமும் கொண்டது. உறையும் அதன் பின்மடலும் ஒரே தோலில் வெட்டப்படும். மடலைப் பின்புறமாகக் கீழே மடித்து, அதில் கிடைமட்டமாகக் கீறிய பிளவுகளின் வழியே உறையை நுழைத்து இறக்கினால், பிளவுகளுக்கு இடையே நிற்கும் தோற்பட்டிகளே உறையைப் பிடித்துக்கொள்ளும். மடிப்புக்கும் உறைக்கும் நடுவே உண்டாகும் குகையில் வார் ஓடும். உலோக இணைப்பு எதுவும் தேவையில்லை. இயக்குநர் ஒப்புக்கொண்டார், சிறிது மனத்தாங்கலோடு.

எந்தத் தோல், எந்தப் பகுதி

இவ்வேலைக்குத் தாவரப் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலே உகந்தது. ஓக், வாட்டில் போன்ற மரங்களின் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் தோலின் நார்களோடு பிணைந்து அதற்கு விறைப்பைத் தருகிறது. நனைத்தால் களிமண்போல் இளகி, காய்ந்ததும் கொடுத்த வடிவில் நின்றுவிடுகிறது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் நனைந்தாலும் அச்சை ஏற்காது. போதாக்குறைக்கு அதில் தங்கிய உப்புகள் எஃகைத் துருப்பிடிக்க வைக்கக்கூடும். தோலின் கனத்தை வணிகர்கள் அவுன்சில் சொல்கிறார்கள். ஓர் அவுன்சு என்பது அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். உறைக்கு 8 முதல் 9 அவுன்சுத் தோல், அதாவது மூன்றேகால் முதல் மூன்றரை மில்லிமீட்டர் கனம் போதும்.

இவையெல்லாம் தெரிந்தே முதல் தொகுதியைச் செய்தேன். தோலும் சரி, கனமும் சரி. பிழை நான் வாரை வெட்டிய இடத்தில். ஒரு பக்கத் தோலை விரித்தால் முதுகுத் தண்டை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வயிற்றை நோக்கி வரவர அவை தளர்ந்து, இழுத்தால் இழுத்த பக்கம் போகும். முதுகுப் பகுதியை உறைக்கு ஒதுக்கிவிட்டேன், ஏனென்றால் எல்லோர் கண்ணும் படுவது உறையில். வாரை விலாவிலிருந்து வயிற்றுப் பக்கமாகச் சரியும் ஓரத்தில் வெட்டினேன். மேற்பரப்பு பார்வைக்குப் பழுதின்றி இருந்ததால் மனம் ஏமாந்தது. பிறகு, மென்மையாக அமையட்டும் என்று மாட்டுக்கால் எண்ணெயைச் சதைப்பக்கத்தில் இரண்டு முறை தாராளமாகப் பூசினேன். ஏற்கெனவே தளர்ந்த நார்களுக்கு அந்த எண்ணெய் வழுக்குப்பாதை போட்டுக்கொடுத்தது. வேறொரு பிழையும் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த வார் நீண்டுதான் இருக்கும்.

பழைய வாரின் துண்டொன்றையும் முதுகுப் பகுதியின் துண்டொன்றையும் ஒரே அகலத்தில் வெட்டி, இரண்டிலும் ஒரே எடையை ஓர் இரவு தொங்கவிட்டேன். காலையில் வயிற்றுத்தோல் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு நீண்டிருந்தது. முதுகுத்தோலில் அளவுகோல் வைத்துத் தேடினாலும் வேறுபாடு அகப்படவில்லை. இச்சோதனைக்கு ஆன செலவு ஒரு முழத் தோல். மறுபடி ஒரு தொகுதி முழுவதையும் தைக்க நேர்ந்ததோடு ஒப்பிட்டால் மலிவு.

இரண்டாம் வார்

அளவிலிருந்தே தொடங்கினேன். முதல் முறை நடிகர் தம் காற்சட்டை அளவைச் சொல்லி அனுப்பியிருந்தார்: 86 சென்டிமீட்டர். அதோடு ஊகமாகக் கூட்டித்தான் 104 என்று வெட்டியிருந்தேன். துப்பாக்கி வார் காற்சட்டை வார் ஓடும் இடத்தில் ஓடுவதில்லை. அதற்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல், ஆடைகளுக்கு வெளியே அமர்கிறது. இம்முறை அவரை நாடக உடையோடு வரவழைத்து, பழைய வார் ஒன்றைக் கட்டி, அதன்மேல் நாடா வைத்து அளந்தேன். 101 சென்டிமீட்டர் வந்தது. கொக்கியின் மடிப்பிலிருந்து நடுத்துளை வரையுள்ள நீளம் அதுவாக இருக்க வேண்டும்; நடுத்துளைக்கு இருபுறமும் மும்மூன்று துளைகள், இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில். ஏழு துளைகள் போதும்.

வாரின் அகலம் 70 மில்லிமீட்டர். முதல் வார் ஒற்றைத் தோல். இதற்கு இரண்டு அடுக்குகள் கொடுத்தேன். வெளியே முதுகுப் பகுதியிலிருந்து 3.2 மில்லிமீட்டர், உள்ளே தோள் பகுதியிலிருந்து 1.6 மில்லிமீட்டர். அக்கால வார்களில் பல, மென்தோலை நீளவாக்கில் மடித்து ஓரம் தைத்த குழாய்களாக இருந்தன. உள்ளே நாணயம் வைக்கலாம் என்பதால் பண வார் என்ற பெயரும் அவற்றுக்கு உண்டு. நான் செய்தது அதற்கு அச்சொட்டான நகல் அன்று. மேடையில் பத்தடி தொலைவில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது, நடிகரின் இடுப்புக்குத் தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு அடுக்குகளை மேசைமீது தட்டையாக வைத்து ஒட்டினால் ஒரு சிக்கல் உண்டு. வார் இடுப்பைச் சுற்றி வட்டமாகும்போது உள்ளடுக்கு ஓடும் வட்டம் சிறியது. இரண்டு அடுக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 2.4 மில்லிமீட்டர் தொலைவு இருப்பதால், முழுச் சுற்றில் உள்ளடுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மிகுதியாகிவிடும். அந்த மிகுதி போக இடமின்றிச் சுருக்கம் சுருக்கமாக எழுந்து இடுப்பை உறுத்தும். ஆகவே வெளியடுக்கைப் பெரிய உருளை ஒன்றின்மேல் உட்புறம் வெளியே தெரியும்படி சுற்றக் கூடாது. உட்குழிந்த வளைவாகப் பிடித்துக்கொண்டு, உள்ளடுக்கைச் சாண் சாணாக உள்ளே அழுத்தி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பசை இருபுறமும் தொட்டுப் பார்த்தால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும், சேர்த்தபின் நகர்த்த முடியாது. ஆள் ஒருவர் உடன் இருந்தால் நல்லது. நான் தனியாகச் செய்தேன். கடைசி ஒரு சாண் சற்றே கோணியது, விளிம்பைச் சீவிச் சரிசெய்தேன். உறை தொங்கும் இடத்தில் மட்டும் இரு அடுக்குகளுக்கும் நடுவே இன்னொரு சாண் முதுகுத்தோலை, ஓரங்களை மெலிதாகச் சீவி, மறைவாக வைத்து ஒட்டினேன். மேல் விளிம்பு மடிந்த இடம் அதுதான்.

உள்ளடுக்கை ஒட்டுவதற்கு முன்பே தோட்டாக் கண்ணிகளைக் கோத்துவிட வேண்டும். நீண்ட ஒரே பட்டியை வெளியடுக்கில் வெட்டிய பிளவுகளின் வழியே மேலும் கீழுமாக ஓட்டிக் கண்ணிகளை உண்டாக்குவது வழக்கம். பட்டியின் கனம் 1.8 மில்லிமீட்டர், தோட்டாவின் விட்டம் 12.2 மில்லிமீட்டர். தோட்டாவின் அரைச் சுற்று 19 மில்லிமீட்டர், இரு பக்கமும் கீழிறங்க ஆறாறு, வெளியடுக்கைத் துளைத்துப் போய்வர ஆறரை, அடியில் மூன்று என்று கூட்டி, கண்ணிக்கு 41 மில்லிமீட்டராக 24 கண்ணிகளுக்குப் பட்டி வெட்டினேன். இருபத்திரண்டாம் கண்ணி முடிந்ததும் கையில் மிஞ்சியது பெருவிரல் அகலத் துண்டு. தோல் வளையும்போது அதன் நீளம் தோட்டாவின் பரப்பில் அன்று, தன் கனத்தின் நடுக்கோட்டில் ஓடுகிறது என்பதை மறந்திருந்தேன். அந்தக் கோட்டில் அரைச் சுற்று 19 அன்று, 22 மில்லிமீட்டர். கண்ணிக்கு 3 மில்லிமீட்டர் என்பது அற்பம்தான். இருபத்துநான்கால் பெருக்கினால் ஒன்றரைக் கண்ணி. பட்டியை உருவி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டினேன். பிறகு கணக்கை நம்பாமல், தோட்டாவின் கனத்துக்குக் கடைந்த மரக்குச்சியைக் கண்ணிக்குக் கண்ணி செருகி, ஈரப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனேன். காய்ந்ததும் குச்சி பிடித்த இடத்தில் தோட்டா கச்சிதமாக நின்றது.

உறை

உறை விரைவாக முடிந்தது, ஏனெனில் முதல் உறையின் வடிவில் பெரிய குறை இல்லை. மாற்றியவை சில. முதல் உறையின் குகை, கண்ணிகளோடு கூடிய வாரைவிட 15 மில்லிமீட்டர் அகலமாக இருந்ததால் உறை வாரின்மேல் முன்னும் பின்னும் நடைபோட்டது. இம்முறை வாரையே உள்ளே வைத்து மடித்து அளவெடுத்தேன். மடலின் பிளவுகளைத் தேவையைவிட ஒரு துளி சிறியதாக வெட்டி, உறை ஈரமாக இருக்கையில் அதை வலிந்து நுழைத்தேன். காய்ந்த பிறகு அதைப் பிரிக்க இருவர் வேண்டும்.

துப்பாக்கியின் விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பு வளையத்தை ஒட்டிய விளிம்பில் இரு சுவர்களுக்கும் நடுவே ஓர் இடைப்பட்டி வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நுழையும் உலோகம் நூலையே அறுக்கும். மூன்று அடுக்கும் சேர்ந்து பத்து மில்லிமீட்டர் கனம். அதில் வைரக்கட்டம்போன்ற முனையுடைய குத்தூசியால், 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே சாய்வில் துளையிட்டு, தேன்மெழுகு தேய்த்த ஒரே லினன் நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்க வேண்டும். சேணத் தையல் என்பது இதுதான். இந்தக் கனத்துக்குத் தையலின் நீளத்தைப்போல் எட்டு மடங்கு நூலாவது எடுத்துக்கொள்ள வேண்டும். தையல் இயந்திரம் போடும் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்வி நிற்பதால் ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண்களும் தளரத் தொடங்கும். சேணத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது ஒவ்வொரு துளையையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நின்றதும் எடுத்து, ஈரம் உள்ளே இறங்கி மேற்பரப்பின் பழைய நிறம் திரும்பத் தொடங்கும் வேளையில் அச்சுக்குக் கொடுத்தேன். துப்பாக்கி மாதிரியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குழல் நுனியில் குறிபார்க்க நீண்டிருக்கும் முன்குறியிலிருந்து மேல்வரை ஒரு மரக்குச்சியை ஒட்டிவிட்டு உள்ளே செலுத்தினேன். குச்சியின் தடம் உறைக்குள் ஒரு வாய்க்காலாக நிற்கும். உருவும்போது முன்குறி தோலைச் சீவாது. பிறகு விரலாலும் எலும்புக் கரண்டியாலும் உருளையைச் சுற்றியும் விசைக்காப்பின் மேலும் அழுத்தி வடிவெடுத்தேன். சூடு காட்டி அவசரப்படுத்தக் கூடாது. ஈரத்தோலுக்குக் கொதிநீரின் சூடு பட்டால் நார்கள் சுருங்கி, திரும்ப மீட்க முடியாத கட்டையாகிவிடும். இரண்டு இரவுகள் நிழலில் விட்டேன்.

அதற்கிடையே ஒரு சிறு விபத்து. ஈர உறையின்மேல் எஃகு அளவுகோலைக் கவனமின்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மடலின்மேல் மைக்கோடு இழுத்ததுபோல் கருநீலத் தடம். இரும்பும் டானினும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது பழங்கால எழுதுமைதான். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தேய்த்ததில் பெரும்பகுதி மறைந்தது. மிச்சத்தை நினைத்துத்தான் உறையை இளம்பழுப்பாக விடாமல் அடர்பழுப்பில் சாயமேற்றினேன் என்பதை இயக்குநரிடம் சொல்லவில்லை.

சுத்தியலின்மேல் மாட்டும் மெல்லிய வார்க்கண்ணி ஒன்றையும் சேர்த்தேன். நடிகர் குனியும் காட்சிகளில் அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். உறையின் இறுக்கத்தை மட்டும் நம்பித் துப்பாக்கியை நிறுத்த முயன்றால் உருவும் வேகம் போய்விடும். வேகத்துக்காக இறுக்கத்தைக் குறைத்தால் குனியும்போது விழும். இரண்டையும் ஒரே தோல்சுவரிடம் கேட்பது நியாயமன்று.

எண்ணெயும் பித்தளையும்

இரண்டாம் தொகுதிக்கு மாட்டுக்கால் எண்ணெய் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, மேற்புறத்தில் மட்டும். விளிம்புகளைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, மரக்கட்டையால் பளபளக்கும்வரை தேய்த்து, மேலே தேன்மெழுகு. நான்கு மாத நிகழ்ச்சிகளுக்குப் பிறகு வாரை வரவழைத்து அளந்தேன்: 101.4 சென்டிமீட்டர். மேல் விளிம்பு மேசையில் படுத்துக் கிடந்தது. உறையின் வாயில் அளக்கத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

புதிதாக ஒரு குறை வந்திருந்தது. கண்ணிகளில் செருகியபடியே விடப்பட்ட பித்தளைத் தோட்டாக்கள் அத்தனையிலும், தோல் தொட்ட வளையத்தில், பச்சைக் களிம்பு பூத்துக் கண்ணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோலின் அமிலமும் கொழுப்பும் பித்தளையிலுள்ள தாமிரத்தோடு சேர்வதால் உண்டாகும் இந்தக் களிம்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் படையையும் படாதபாடு படுத்தியது. 1870களில் கண்ணிகளைத் தோலுக்குப் பதில் கித்தானில் அமைத்தார்கள். பின்னர் ஆன்சன் மில்ஸ் என்ற படை அதிகாரி உருவாக்கிய, கண்ணிகளோடு சேர்த்தே நெய்யப்பட்ட துணி வார் தோலைப் படையிலிருந்து பெரும்பாலும் அகற்றிவிட்டது. நாடகத்தின் கதைமாந்தர் படைவீரர் அல்லர், ஆகவே கித்தானுக்கு மாற வழியில்லை. களிம்பை மரக்குச்சியால் சுரண்டி, கண்ணிகளின் உட்புறத்தை உலர்துணியால் துடைத்து, தோட்டாக்களை மெருகேற்றி, 24 குழிகள் கொண்ட மரப்பெட்டி ஒன்றும் செய்து சேர்த்து அனுப்பினேன். திரை விழுந்ததும் தோட்டாக்கள் வாரிலிருந்து பெட்டிக்குப் போக வேண்டும் என்று மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.